0-0-1 என்று சீட்டு எழுதும் மருத்துவர்களுக்கு

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு, வணக்கம்.

தூக்க மாத்திரைக்கு நீங்கள் எழுதித் தரும் சீட்டில் மருந்தின் பெயருக்கு எதிரே 0-0-1 என்று இருக்கிறது. காலையில் வேண்டாம், மதியம் வேண்டாம், இரவில் ஒன்று. அந்தச் சீட்டை வாங்கிப் படித்து, அட்டையிலிருந்து தேவையான மாத்திரைகளை வெட்டிக் காகிதக் கவரில் போட்டு, கவரின்மேல் அச்சிட்டிருக்கும் காலை, மதியம், இரவு என்ற மூன்று கட்டங்களில் கடைசிக் கட்டத்தில் பேனாவால் குறி போட்டுக் கொடுக்கும் பதிவு பெற்ற மருந்தாளுநர்களில் நானும் ஒருவன். அந்த முதல் பூஜ்யத்தைப் பற்றித்தான் உங்களுக்கு எழுதுகிறேன். காலையில் மாத்திரை விழுங்க வேண்டாம் என்ற பொருளில் நீங்கள் அதை எழுதுகிறீர்கள். விடிந்தபிறகு அந்த மருந்துக்கும் தனக்கும் தொடர்பில்லை என்ற பொருளில் நோயாளி அதை எடுத்துக்கொள்கிறார். அப்படி இல்லை என்று அவருக்கு நீங்களும் சொல்வதில்லை, கடையில் நாங்களும் சொல்வதில்லை. அவர் காலையில் பிள்ளையைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு வண்டியை எடுக்கிறார்.

நான் சொல்லப்போகும் கணக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான். பொதுமக்களும் படிக்கும் மடல் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். அல்பிரசோலம் இரத்தத்தில் பாதியாகக் குறைவதற்குச் சராசரியாக 11 மணி நேரம் ஆகிறது. முதியவர்களுக்கு அது 16 மணி நேரத்தையும் தாண்டுகிறது. இரவு 11 மணிக்கு அதைப் போட்டுக்கொண்ட ஒருவர் மறுநாள் காலை 10 மணிக்கு அலுவலகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருக்கும்போது ஏறத்தாழ பாதி மருந்து அவர் உடம்பில்தான் இருக்கிறது. குளோனசெபம் பாதியாகக் குறைய 30 முதல் 40 மணி நேரம் பிடிக்கிறது. தினமும் அதைச் சாப்பிடுகிறவர் இன்றைய மாத்திரையைக் கையில் எடுக்கும்போது நேற்றையதில் பாதிக்கு மேல் இன்னும் உள்ளே இருக்கிறது, முந்தாநாளினதும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. டயசெபத்தையும், அதிலிருந்து கல்லீரல் உண்டாக்கும் வேதிப்பொருளையும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு மணிகளைத் தாண்டி நாட்களுக்குப் போய்விடுகிறது. சளிக்குக் கொடுக்கும் குளோர்பெனிரமினை, தூக்கம் வருகிறது என்பதற்காகவே கேட்டு வாங்குகிறவர்களும் உண்டு; அதற்கும் ஏறக்குறைய 20 மணி நேரம். இவை அத்தனைக்கும் கவரில் ஒரே கட்டத்தில்தான் குறி விழுகிறது.

சோல்பிடெம் அப்படிப்பட்டதல்ல, அது இரண்டரை மணி நேரத்திலேயே பாதியாகிவிடும் என்று நீங்கள் சொல்லலாம். அந்த நம்பிக்கையில்தான் அது உலகமெங்கும் எழுதப்பட்டது. அமெரிக்காவில் 1992 இறுதியில் அனுமதி பெற்ற மருந்து அது. 2013 ஜனவரியில் அந்நாட்டு உணவு மற்றும் மருந்து நிர்வாகம் வெளியிட்ட எச்சரிக்கையை மீண்டும் ஒருமுறை எடுத்துப் பார்க்கும்படி வேண்டுகிறேன். ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 நானோகிராமுக்கு மேல் சோல்பிடெம் இருந்தால், விபத்து நேரக்கூடிய அளவுக்கு வண்டி ஓட்டும் திறன் குறைகிறது என்று அது கணித்தது. 10 மில்லிகிராம் மாத்திரையைப் போட்டு எட்டு மணி நேரம் கழித்தும் பெண்களில் 15 சதவீதத்தினருக்கும் ஆண்களில் 3 சதவீதத்தினருக்கும் அந்த அளவுக்கு மேல் மருந்து இருந்தது. மெதுவாகக் கரையும் 12.5 மில்லிகிராம் மாத்திரையில் அது பெண்களில் 33 சதவீதம், ஆண்களில் 25 சதவீதம். பெண்களின் உடம்பிலிருந்து இந்த மருந்து மெதுவாக வெளியேறுகிறது என்பதே காரணம். பெண்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5-க்கும், 12.5-இலிருந்து 6.25-க்கும் குறைக்கும்படி அந்த நிர்வாகம் உத்தரவிட்டது. மருந்து கடைக்கு வந்து இருபது ஆண்டுகள் கழித்து வந்த திருத்தம் அது. அதற்குப் பிறகு ஆண்டுகள் பல போய்விட்டன. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரேபோல 10 மில்லிகிராம் என்று எழுதிய சீட்டு இன்றும் என் மேசைக்கு வருகிறது.

அந்த எட்டு மணி நேரம் என்பதே நம் வீடுகளில் எத்தனை பெண்களுக்குக் கிடைக்கிறது என்று நீங்கள் கேட்டதுண்டா? சோல்பிடெம் சாப்பிட்டால் எழுவதற்கு முன் ஏழு, எட்டு மணி நேரமாவது படுக்கையில் இருக்க வேண்டும் என்று மருந்தோடு வரும் தாள் சொல்கிறது. அடுப்படி வேலையை முடித்துப் பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பதினொன்றரைக்கு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, காலை ஐந்து மணிக்கு எழுந்து தண்ணீர் பிடித்து, டிபன் கட்டி, ஏழரைக்கு ஸ்கூட்டரில் பிள்ளையைப் பள்ளியில் கொண்டுபோய் விடுகிற ஒரு பெண்ணுக்கு மாத்திரைக்கும் சாலைக்கும் நடுவில் எட்டு மணி நேரம் இருக்கிறது. அதில் தூங்கியது ஐந்தரை மணி. ஆய்வில் பங்கேற்றவர்களின் இரவும் அவருடைய இரவும் ஒன்றல்ல. எத்தனை மணிக்குப் படுப்பீர்கள், எத்தனை மணிக்கு எழுந்தாக வேண்டும், எழுந்தபின் முதலில் ஓட்டுவது என்ன என்ற மூன்று கேள்விகளைக் கேட்டால் இரண்டு நிமிடம்கூட ஆகாது. அந்தப் பதில்கள் கிடைத்தால் நீங்கள் எழுதும் அளவு மாறும். சில நேரங்களில் மருந்தே மாறும்.

"காலையில் எனக்கு எந்த மந்தமும் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று நோயாளி சொல்வதை வைத்து முடிவெடுக்கக் கூடாது என்பதற்கும் சான்று இருக்கிறது. நெதர்லாந்தில் 1980-களிலிருந்து ஒரு சோதனை நடத்துகிறார்கள். நெடுஞ்சாலையில், பக்கத்தில் பயிற்சியாளர் உட்கார்ந்திருக்க, 100 கிலோமீட்டர் தூரம் ஒரே வேகத்தில் கார் ஓட்டச் சொல்வார்கள். காரில் பொருத்திய கேமரா, சாலைக் கோட்டிலிருந்து வண்டி எத்தனை சென்டிமீட்டர் இப்படியும் அப்படியும் அலைகிறது என்று அளந்துகொண்டே வரும். முந்தைய இரவில் சோபிக்ளோன் என்ற தூக்க மாத்திரையை 7.5 மில்லிகிராம் சாப்பிட்டவர்கள் பத்து, பதினோரு மணி நேரம் கழித்து ஓட்டியபோதும் அந்த அலைச்சல், இரத்தத்தில் 0.05 சதவீதம் மதுவோடு ஓட்டுகிறவரின் அலைச்சலுக்குக் குறையாமல் இருந்தது. அதன் உடன்பிறப்பான எஸ்சோபிக்ளோனை 25 முதல் 40 வயதுக்குட்பட்ட, நோய் எதுவுமற்ற 91 பேருக்கு 3 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தபோது நினைவும் கைகால் ஒருங்கிணைப்பும் மறுநாள் காலை கடுமையாகக் குறைந்திருந்தன. 11 மணி நேரம் கழித்தும் பாதிப்பு தெரிந்தது. அவர்களில் பலருக்குத் தங்களிடம் குறை இருப்பதே தெரியவில்லை. இதை வைத்துத்தான் 2014-இல் அமெரிக்காவில் அந்த மருந்தைத் தொடங்கும் அளவு 1 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டது. தன் தடுமாற்றத்தைத் தானே கண்டுபிடிக்க வேண்டிய மூளைப்பகுதியும் அதே மருந்தில்தான் நனைந்திருக்கிறது. ஆகவே அவரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. நாம்தான் முன்கூட்டியே சொல்லி அனுப்ப வேண்டும்.

நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவு, 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் குற்றம் என்கிறது. அது 0.03 சதவீதம், மேலே சொன்ன சோதனையின் ஒப்பீட்டு அளவைவிடக் குறைவு. வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத அளவுக்கு வேறு மருந்தின் மயக்கத்தில் இருப்பதையும் அதே பிரிவு குற்றமாகத்தான் பார்க்கிறது. ஆனால் காவலர் கையில் இருக்கும் ஊதும் கருவிக்கு அல்பிரசோலம் தெரியாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த சட்டம் டயசெபம், லோரசெபம், குளோனசெபம் உள்ளிட்ட மருந்துகளுக்கு இரத்த அளவு வரம்பு விதித்திருக்கிறது. மருத்துவர் சொன்னபடி சாப்பிட்டு, ஓட்டும் திறன் குறையாதவருக்குப் பாதுகாப்பும் கொடுத்திருக்கிறது. தூக்கம் வராத ஒருவரைச் சாலையில் நிறுத்தித் தண்டிக்க வேண்டும் என்பது என் கோரிக்கையல்ல. பிடிக்கக் கருவி இல்லாத இடத்தில் முன்கூட்டிச் சொல்லும் வாய் ஒன்றாவது இருக்க வேண்டும். அது மருத்துவருடையதும் மருந்தாளுநருடையதும்தான்.

இவ்வளவும் மறுநாளைப் பற்றியது. அந்த இரவிலாவது கிடைப்பது நல்ல தூக்கமா என்ற கேள்வியும் இருக்கிறது. 2012-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஒரு தொகுப்பாய்வு, சோல்பிடெம் வகை மாத்திரைகளை மருந்தே இல்லாத வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டு, அவை தூக்கம் வரும் நேரத்தை 22 நிமிடம் முன்னால் கொண்டுவருகின்றன என்று கண்டது. தூக்கமின்றிப் புரண்டு தவிப்பவருக்கு 22 நிமிடம் பெரிதுதான், அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் மாத்திரை போட்டால் இரவு முழுவதும் அடித்துப்போட்டாற்போல் தூங்கலாம் என்று கடைக்கு வருகிறவர் எதிர்பார்ப்பதற்கும் இதற்கும் வெகுதூரம். அல்பிரசோலம், குளோனசெபம், டயசெபம் போன்ற பென்சோடயசெபைன் வகை மருந்துகள் மொத்தத் தூக்கத்தைக் கூட்டினாலும், மூளையலைகள் மெதுவாகவும் உயரமாகவும் எழும் ஆழ்ந்த உறக்கத்தைக் குறைக்கின்றன. கனவு வரும் உறக்கத்தையும் ஓரளவு குறைக்கின்றன. நடுத்தரமான இரண்டாம் நிலைத் தூக்கம்தான் நீள்கிறது. உடம்பு தன்னைச் சீர்செய்துகொள்வதும், பகலில் கற்றது மனதில் பதிவதும் பெரிதும் ஆழ்ந்த உறக்கத்தோடு தொடர்புடையவை. இன்னொன்று, இந்த மருந்துகள் அவற்றைச் சாப்பிட்ட பின் நடப்பதை நினைவில் பதியவிடாமல் தடுக்கின்றன. நடுவில் விழித்துக் கிடந்தவருக்கும் காலையில் அந்த விழிப்பு நினைவில்லாமல் போகலாம். அவர் உங்களிடம் வந்து "நன்றாகத் தூங்கினேன், டாக்டர்" என்று சொல்வது பொய்யல்ல. ஆனால் அந்தப் பேச்சை மட்டும் நம்பி அடுத்த மாதத்துக்கும் அதே சீட்டை எழுதுவது போதுமான மருத்துவமாகாது.

முதியவர்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என்னிடம் தூக்க மாத்திரை வாங்குகிறவர்களில் அவர்கள்தான் மிகுதி. 60 வயதைக் கடந்த 2417 பேரைக் கொண்ட 24 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2005-இல் வெளியான ஓர் ஆய்வு, மாத்திரையால் அவர்களுக்குக் கூடுதலாகக் கிடைத்த தூக்கம் இரவுக்குச் சராசரியாக 25 நிமிடம் என்று கணக்கிட்டது. நினைவு, குழப்பம் சார்ந்த தொல்லைகள் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட நாலேமுக்கால் மடங்கு கூடின. பகல்நேரச் சோர்வு கிட்டத்தட்ட நான்கு மடங்கு. 13 பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்குத் தூக்கம் மேம்படுகிறது. 6 பேருக்குக் கொடுத்தாலே ஒருவருக்குத் தீங்கு நேர்கிறது. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியலில் இவற்றைச் சேர்த்திருப்பது இதனால்தான். கழிப்பறை வீட்டுக்குப் பின்னால் தனியாக இருக்கும் ஊர்களில், இரவு இரண்டு மணிக்குச் சிறுநீர் கழிக்க எழுந்து, வாசற்படி தாண்டி, ஈரத்தரையில் நடக்கிறார் ஒரு பாட்டி. அவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் "வழுக்கி விழுந்துவிட்டார்" என்றுதான் வீட்டில் சொல்வார்கள். இரவில் அவர் போட்டுக்கொண்ட மாத்திரையை அந்த விபத்தோடு சேர்த்து யாரும் எண்ணிப்பார்ப்பதில்லை.

தூங்காமல் காலையில் வண்டி ஓட்டுவது மட்டும் ஆபத்தில்லையா என்று நீங்கள் கேட்டால், ஆபத்துதான். தூக்கமின்மை ஒரு நோய். அதைச் சகித்துக்கொள் என்று யாரிடமும் சொல்லக் கூடாது. நெருங்கியவரை இழந்து இரண்டு வாரமாகக் கண்மூடாத ஒருவருக்குச் சில நாட்களுக்கு மாத்திரை கொடுப்பதை நான் குறைசொல்ல மாட்டேன். பிரிட்டனில் 1988-லேயே, இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு மேல் பென்சோடயசெபைன் வேண்டாம் என்று மருந்துப் பாதுகாப்புக் குழு வரையறை சொல்லிவிட்டது. நடப்பது வேறு. நான்காகவும் எட்டாகவும் மடித்து மடிப்புகளில் கிழிந்து, கிழிந்ததும் லேமினேட் செய்யப்பட்ட சீட்டை என்னிடம் நீட்டுகிறார்கள். அதில் மருத்துவரின் கையெழுத்து இருக்கிறது, மருந்தின் பெயர் இருக்கிறது. எத்தனை நாளைக்கு என்பது மட்டும் இல்லை. மறுத்தால் அடுத்த கடை இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு சீட்டிலும் எத்தனை நாள், எந்தத் தேதியோடு நிறுத்துவது அல்லது திரும்ப வந்து காட்டுவது என்பதை உங்கள் கையாலேயே எழுதுங்கள். நாங்கள் மறுப்பதற்கு அந்த ஒரு வரி போதும்.

இதைப் படிக்கும் நோயாளிகளுக்கு இடையில் ஒன்று சொல்லியாக வேண்டும். மாதக்கணக்கில் இவற்றைச் சாப்பிட்டு வருகிறவர்கள் இந்த மடலைப் படித்துவிட்டு இன்றிரவே நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் தூக்கமின்மை முன்னைவிட மோசமாகத் திரும்பும். பதற்றமும் நடுக்கமும் வரும். சிலருக்கு வலிப்பே வரலாம். மருத்துவரிடம் போய், வாரக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள்.

அப்படிக் குறைப்பது முடியாத காரியமில்லை. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 30 மருந்துக் கடைகள் வழியாக, நெடுநாளாகப் பென்சோடயசெபைன் சாப்பிட்டுவந்த 65 வயதைக் கடந்த 303 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2014-இல் வெளியானது. ஒரு பகுதியினருக்கு, இந்த மருந்து உடம்பில் என்ன செய்கிறது, படிப்படியாக எப்படிக் குறைக்கலாம் என்று எளிய மொழியில் அச்சிட்ட ஒரு கையேடு கொடுக்கப்பட்டது. ஆறு மாதத்தில் அவர்களில் 27 சதவீதம் பேர் மாத்திரையை முழுமையாக விட்டிருந்தார்கள். கையேடு பெறாதவர்களில் விட்டவர்கள் 5 சதவீதம். ஒரு காகிதத்தைப் படிக்கக் கொடுத்ததால் வந்த வேறுபாடு இது.

நம் நாட்டில் நோயாளியின் கைக்குப் போகும் காகிதம் என்ன என்று பாருங்கள். 2014 மார்ச் முதல் அல்பிரசோலம், டயசெபம், நைட்ரசெபம், சோல்பிடெம் ஆகியவை, மருத்துவர் சீட்டோடு மட்டுமே விற்க வேண்டிய மருந்துகளுக்கான எச்1 அட்டவணையில் இருக்கின்றன. கடையில் நாங்கள் மருத்துவர் பெயரையும் நோயாளி பெயரையும் அளவையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு காப்பாற்ற வேண்டும். அட்டையில் சிவப்புக் கோட்டுக் கட்டத்துக்குள் எச்சரிக்கை இருக்க வேண்டும். எச்சரிக்கை இருக்கிறது, ஆங்கிலத்தில், பொடி எழுத்தில். மருத்துவ ஆலோசனையின்றிச் சாப்பிடுவது ஆபத்து என்று அது சொல்கிறது. காலையில் வண்டி ஓட்டுவது பற்றி அதில் ஒரு சொல்லும் கிடையாது. பத்து மாத்திரை அட்டையில் ஐந்து கேட்டால் நாங்கள் கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுக்கிறோம். எச்சரிக்கைக் கட்டம் பாதியாக வெட்டுப்படுகிறது, அல்லது முழுதாகக் கடையிலேயே தங்கிவிடுகிறது. பிரான்சில் மருந்துப் பெட்டியின்மேல் முக்கோணத்துக்குள் ஒரு காரின் படம் போட்டு, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என மூன்று நிலைகளாகப் பிரித்து, சிவப்பு என்றால் ஓட்டாதே என்று அச்சிடுகிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அது புரியும். மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் அப்படி ஒரு குறியை அட்டையில் ஒவ்வொரு மாத்திரையின் பின்புறத்திலும் வருமாறு செய்தால், எங்கே வெட்டினாலும் அது கூடவே போகும். அந்த விதி வரும்வரை எங்கள் கவர்களில் "இதைச் சாப்பிட்ட மறுநாள் காலையில் வண்டி ஓட்டலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள்" என்று தமிழில் அச்சிட்டுக்கொள்ள யாருடைய அனுமதியும் தேவையில்லை. என் சக மருந்தாளுநர்கள் இதை நாளைக்கே தொடங்கலாம். அவர்கள் உங்களிடம் வந்து கேட்கும்போது நீங்கள் பொறுமையாகப் பதில் சொன்னால் அந்த வரிக்கு மதிப்பு உண்டாகும்.

மாத்திரைக்கு முன்னால் செய்ய வேண்டியவையும் இருக்கின்றன. குறட்டை விடுகிறாரா, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று கூடவந்தவரைக் கேளுங்கள். மூச்சடைப்பு இருப்பவருக்கு இந்த மருந்துகள் பல அதை இன்னும் மோசமாக்குகின்றன. மாலையில் குடிப்பவரா என்று கேளுங்கள்; மதுவும் இந்த மாத்திரையும் சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடக் கூடும். நாட்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சையாக மாத்திரையை அல்ல, அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைத்தான் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016-இல் பரிந்துரைத்தது. படுக்கையில் கிடக்கும் நேரத்தைக் குறைப்பது, தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறிடத்தில் உட்காருவது, எப்படித் தூங்கியிருந்தாலும் ஒரே நேரத்தில் விழிப்பது என்று சில வாரப் பயிற்சி அது. பலன் மெதுவாக வருகிறது, ஆனால் பயிற்சி முடிந்தபிறகும் நிலைக்கிறது. காலையில் இரத்தத்தில் எதையும் மிச்சம் வைப்பதில்லை.

அதைச் சொல்லித்தர நம் ஊர்களில் ஆள் எங்கே என்று நீங்கள் கேட்பது நியாயம். தமிழ்நாட்டின் மாவட்டங்களில் மாவட்ட மனநலத் திட்டம் நடக்கிறது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீடுதேடி மாத்திரை கொண்டுபோகும் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். முதல் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இந்தச் சிகிச்சையில் பயிற்சி கொடுக்கவும், கியூபெக்கில் கொடுத்ததைப் போன்ற ஒரு கையேட்டைத் தமிழில் எழுதி இரண்டாம் திட்டத்தின் வழியாக முதியவர்களின் கையில் சேர்க்கவும் மருத்துவத் துறையை உங்கள் சங்கங்கள் எழுத்துமூலம் கேட்க வேண்டும். ஒரு மருந்தாளுநர் கேட்டால் கோப்பு நகராது. நீங்கள் கேட்டால் நகரும். கையேட்டை எளிய தமிழில் எழுதும் வேலைக்கு ஆள் தேவைப்பட்டால் நானும் என் சக மருந்தாளுநர்களும் வருகிறோம்.

இப்படிக்கு,
மருந்துக் கடையில் பணிபுரியும் ஒரு மருந்தாளுநர்